இத்தாலியில் கொமூனே தேர்தலும் ரெஜோனே தேர்தலும்: எங்கள் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பலெர்மோவுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. படிவம் நிரப்ப, கந்தோருக்குத் துணைக்குப் போக என்று ஆட்கள் கூப்பிடுவார்கள். தேர்தல் நெருங்கினால் கூப்பிடுவது கூடிவிடும். சாந்தா ரொசலியா மலைக்கு நடந்து ஏறும்போதும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வாசலிலும் கேட்பது ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன்.

நான் இருப்பது சிசிலி. சிசிலிக்கென்று சில தனி விதிகள் உண்டு. மிலானோ, நாப்போலி, ரெஜ்ஜோ எமிலியா பக்கம் இருப்பவர்களுக்கு எங்கே விதி மாறுகிறது என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

கொமூனே எண்டுறாங்கள், ரெஜோனே எண்டுறாங்கள். ரெண்டும் ஒண்டு இல்லையோ?

இல்லை. இலங்கையில் எங்கள் ஊரில் பிரதேச சபை, நகரசபை இருந்ததுபோல இங்கே கொமூனே. மாகாண சபைபோல ரெஜோனே. இத்தாலியில் 20 ரெஜோனே இருக்கின்றன. கொமூனேக்கள் ஏறக்குறைய 7,900. சில நூறு பேர் மட்டுமே வாழும் மலைக்கிராமத்துக்கும் ஒரு மேயர் இருப்பார்.

குப்பை வரி, பாலர் காப்பகம், பாடசாலைச் சாப்பாடு, நகர பஸ், வதிவிடப் பதிவு எல்லாம் கொமூனேயின் கையில். வைத்தியசாலை, ஸ்கேன் எடுக்க எத்தனை மாதம் காத்திருப்பது, மருந்துக்குக் கட்டும் பங்கு என்பவை ரெஜோனேயின் கையில். ரெஜோனேயின் பணத்தில் மிகப் பெரிய பங்கு மருத்துவத்துக்குத்தான் போகிறது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை தள்ளிக்கொண்டே போகிறது என்று மேயரைத் திட்டுவார்கள். அந்தக் கேள்வியை ரெஜோனேயிடம்தான் கேட்க வேண்டும்.

சிசிலி, சார்தேஞ்ஞா, வால்லே தாவொஸ்தா, த்ரெந்தீனோ-அல்தோ ஆதிஜே, ஃப்ரியூலி-வெனேத்சியா ஜூலியா ஆகிய ஐந்துக்கும் சிறப்பு அந்தஸ்து உண்டு. சிசிலி தன் முதல் சபையை 1947இலேயே தெரிவு செய்துவிட்டது. மற்ற 15 ரெஜோனேக்கள் முதல் தேர்தலுக்கு 1970 வரை காத்திருந்தன.

என்னட்ட காலம் முடியாத சொஜோர்னோ (வதிவிட அனுமதி) இருக்கு. இருபது வருசமா வரி கட்டுறன். வோட் போடலாமோ?

போட முடியாது. இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு நகரத்தின் வீடுகளைத் துடைத்து, அங்குள்ள முதியவர்களைப் பராமரித்து, வரியும் கட்டியவருக்கு அந்த நகரத்தின் மேயரைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. இதில் நியாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டுக் கடவுச்சீட்டு என்றால், எந்த வகைச் சொஜோர்னோவாக இருந்தாலும் வாக்கு இல்லை.

ஜெர்மன், பிரெஞ்சு, டச்சுக் கடவுச்சீட்டோடு இங்கே வதிபவருக்கு ஒரு வழி இருக்கிறது. கொமூனே தேர்தலில் அவர் வாக்களிக்கலாம், சபை உறுப்பினராகவும் போட்டியிடலாம், ஆனால் மேயராக முடியாது. ரெஜோனே தேர்தலில் வாக்கு இல்லை. இந்த வாக்கு தானாக வராது. கொமூனேயின் தேர்தல் கந்தோரில் துணைப் பட்டியலில் பெயர் பதியும்படி விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் திகதி வாக்களிப்புக்கு ஏறக்குறைய 40 நாள்களுக்கு முன்பே முடிந்துவிடும். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு பிரெக்சிட்டுக்குப் பிறகு இந்த உரிமை கிடையாது.

பலெர்மோவில் கொன்சூல்தா தெல்லே குல்தூரே என்ற அவை 2013இல் முதன்முதலாகத் தெரிவானது. வெளிநாட்டவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஆலோசனைச் சபை அது. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. ஆனாலும் மாநகர சபையிடம் பேச ஒரு வாசல்.

சித்தாதினான்ஸா (குடியுரிமை) கிடைச்சிட்டுது, சத்தியமும் எடுத்திட்டன். இனி என்ன செய்யோணும்?

வாக்காளர் அட்டை வேண்டும். தெஸ்ஸெரா எலெத்தொராலே என்பார்கள். 18 வயதான குடிமகனின் பெயரைக் கொமூனேயே பட்டியலில் சேர்க்கும், நீங்கள் கேட்கத் தேவையில்லை. ஆனால் தேர்தலுக்குச் சற்று முன்தான் சத்தியம் எடுத்தீர்கள் என்றால், பெயர் ஏறிவிட்டதா என்று தேர்தல் கந்தோரில் நேரில் கேளுங்கள்.

அட்டையில் முத்திரை குத்த 18 கட்டங்கள் இருக்கும். நிரம்பினால் புதிது எடுக்க வேண்டும். தொலைந்தாலும் பயமில்லை, வாக்களிப்பு நாளிலும் அந்தக் கந்தோர் திறந்திருக்கும். சாவடிக்கு அட்டையோடு அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். ஞாயிறு காலை 7 முதல் இரவு 11 வரை வாக்களிப்பு. திங்களும் வைத்தால் அன்று மாலை 3 மணி வரை.

மேயரை நாங்களே நேரா தெரிவு செய்யிறமோ, இல்லாட்டி சபை தெரிவு செய்யுதோ?

நாங்களேதான். முன்பு சபை உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் மேயரைத் தெரிவு செய்தார்கள். கூட்டணி உடைந்தால் மேயரும் மாறுவார். அது 1993 மார்ச்சில் வந்த 81ஆம் இலக்கச் சட்டத்தோடு மாறியது. சிசிலி அதற்கு முந்திய வருடமே தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது.

அளவுகோல் ஊரில் வசிப்பவர்கள் 15,000 பேர். அதற்கு உட்பட்ட ஊரில் ஒரே சுற்று. ஒரு வாக்கு கூட எடுத்தவர் மேயர், அவருடைய லிஸ்ட்டுக்கு, அதாவது அவரோடு நிற்கும் சபை வேட்பாளர் பட்டியலுக்கு, சபையில் மூன்றில் இரண்டு பங்கு. அதைவிடப் பெரிய ஊரில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். எவரும் எடுக்காவிட்டால் முதல் இருவரும் இரண்டு வாரம் கழித்து மீண்டும் மோதுவார்கள். அதுதான் பல்லொத்தாஜ்ஜோ. சிசிலியில் பாதி தேவையில்லை, முதல் சுற்றில் 40 சதவீதம் போதும். 2022இல் ரொபேர்த்தோ லகல்லா ஏறக்குறைய 48 சதவீதத்தோடு பலெர்மோ மேயரானது அப்படித்தான். அதே வாக்கு மிலானோவில் என்றால் அவர் இரண்டாம் சுற்றுக்குப் போயிருப்பார்.

புள்ளடி எங்க போடுறது? கட்சியிலயோ, மேயரிலயோ, ஆளிலயோ?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் பிழைபோவதும் இதில்தான். பெரிய ஊரின் வாக்குச்சீட்டை விரித்தால் மேயர் வேட்பாளரின் பெயர் ஒரு பெட்டியில் இருக்கும். அவரை ஆதரிக்கும் லிஸ்ட்களின் சின்னங்கள் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு சின்னத்தோடும் வெற்றுக்கோடுகள் இருக்கும். அந்தக் கோட்டில்தான் சபை உறுப்பினர் ஆக வேண்டியவரின் குடும்பப் பெயரை எழுத வேண்டும். ஊரில் விருப்பு வாக்குக்கு வேட்பாளரின் இலக்கத்தின் மேல் புள்ளடி போட்டோமே, இங்கே இலக்கம் இல்லை, அச்சடித்த பெயரும் இல்லை. நினைவில் வைத்து, கையால் எழுத வேண்டும்.

மேயரின் பெயரில் மட்டும் புள்ளடி போட்டால் அது மேயருக்கு மட்டும் போகும், எந்த லிஸ்ட்டுக்கும் போகாது. லிஸ்ட் சின்னத்தில் மட்டும் போட்டால் லிஸ்ட்டுக்கும் போகும், அந்த லிஸ்ட் ஆதரிக்கும் மேயருக்கும் போகும். ஒரு மேயருக்கும், அவரோடு சேராத வேறு லிஸ்ட்டுக்கும் போட்டால் அதுவும் செல்லும். பிரித்துப் போடும் வாக்கு என்பது இதுதான். அயலில் நல்ல பிள்ளை ஒருவர் ஒரு லிஸ்ட்டில் நிற்கிறார், மேயராக உங்களுக்குப் பிடித்தவர் மற்றப் பக்கம் என்றால் இது உதவும். ஆனால் 15,000க்கு உட்பட்ட ஊரில் இப்படிப் பிரிக்க முடியாது.

விருப்பு வாக்கு இரண்டு கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் ஒருவர் ஆண், மற்றவர் பெண்ணாக இருக்க வேண்டும், இருவரும் ஒரே லிஸ்ட்டில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்களை எழுதினால் இரண்டாவது பெயர் வெட்டுப்படும். 2012இன் 215ஆம் இலக்கச் சட்டம் 5,000க்கு மேற்பட்ட ஊர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. ரெஜோனே தேர்தலில் முதலில் கையாண்டது கம்பானியா, 2010இல். சபைகளில் பெண்களைக் கொண்டுவர இதைவிட எளிய வழியை நான் காணவில்லை. இரண்டாவது கோட்டை வெறுமையாக விடாதீர்கள்.

பலெர்மோ, மிலானோபோல 250,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களில் வட்டாரச் சபைக்கும் தனிச் சீட்டு ஒன்று தருவார்கள். பலெர்மோவில் வட்டாரங்கள் எட்டு.

இத்தாலியன் பேர் எனக்கு எழுத வராது. எழுத்துப் பிழை விட்டா வோட் பழுதாகுமோ?

ஒரு எழுத்து விடுபட்டதற்காகப் பழுதாகாது. வாக்காளர் எதை விரும்பினார் என்று தெளிவாகத் தெரிந்தால் வாக்கு செல்லும் என்பதே அடிப்படை. ஒரே குடும்பப் பெயரில் இருவர் நின்றால் முதற்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பழுதாக்குவது வேறு விஷயங்கள்: கையெழுத்து வைப்பது, உங்கள் பெயரை எழுதுவது, நன்றி என்றோ ஒரு திட்டு வார்த்தையோ எழுதுவது, பூப் போடுவது. யாருடைய சீட்டு என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் சீட்டைச் செல்லாததாக்கும். அவர்கள் தரும் பென்சிலாலேயே எழுதுங்கள். அது அழியாத பென்சில், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வேட்பாளர்ட ஆள், 'போட்ட சீட்டை போன்ல படம் எடுத்துக் கொண்டு வாங்கோ, சாமான் பை தாறம்' எண்டவர். எடுக்கலாமோ?

எடுக்கவே கூடாது. வாக்களிக்கும் மறைவுக்குள் போனைக் கொண்டுபோவதையே 2008இல் வந்த சட்டம் தடை செய்கிறது. உள்ளே போகும் முன் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். படம் எடுத்து அகப்பட்டால் வழக்கு. வாக்குக்குப் பொருளோ பணமோ கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களிடம்தான் இப்படிக் கேட்டு வருகிறார்கள். சட்டம் தெரியாது என்று நினைத்து வருகிறார்கள். கேட்டவர் எங்கள் ஆளாக இருந்தாலும் முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள்.

ரெஜோனே தலைவருக்கும் ரெண்டாம் சுற்று இருக்கோ?

தொஸ்கானாவில் மட்டும் உண்டு, அதுவும் எவரும் 40 சதவீதத்தைத் தொடாவிட்டால். மற்ற இடங்களில் ஒரே நாளில் முடிந்துவிடும், கூட எடுத்தவர் தலைவர். வால்லே தாவொஸ்தாவிலும், த்ரெந்தீனோ-அல்தோ ஆதிஜேக்குள் இருக்கும் போல்சானோவிலும் மக்கள் தலைவரை நேரடியாகத் தெரிவு செய்வதில்லை, சபையே தெரிவு செய்கிறது.

ஒரே சுற்று என்பதால் சின்ன இடைவெளி பெரிய முடிவாகும். 2024 பெப்ரவரியில் சார்தேஞ்ஞாவில் அலெஸ்ஸாந்த்ரா தொத்தே ஏறக்குறைய 45.4 சதவீதமும் பாவோலோ துருஸ்ஸு 45 சதவீதமும் எடுத்தார்கள். துருஸ்ஸுவை ஆதரித்த லிஸ்ட்கள் மொத்தமாகக் கூட வாக்கு எடுத்திருந்தும், தலைவியானது தொத்தே. சபைப் பெரும்பான்மையும் அவர் பக்கம் போனது. மேலே சொன்ன பிரித்துப் போடும் வாக்குக்கு எவ்வளவு வலு என்று இதில் தெரியும். அந்த வாக்கு எல்லா ரெஜோனேயிலும் செல்லாது. ஒவ்வொன்றும் தன் தேர்தல் சட்டத்தைத் தானே எழுதுகிறது. சார்தேஞ்ஞாவிலும் சிசிலியிலும் செல்லும்.

சிசிலிச் சபையில் 70 ஆசனங்கள். 62 ஒன்பது மாவட்டங்களிலிருந்து, 7 வென்ற தலைவரின் லிஸ்ட்டிலிருந்து, ஒன்று இரண்டாவதாக வந்த தலைவர் வேட்பாளருக்கு. 5 சதவீதம் எடுக்காத கட்சிக்கு ஒன்றுமில்லை. 2022இல் தெரிவான சபை என்பதால் ஐந்து வருடக் கணக்கில் அடுத்தது 2027. பலெர்மோ மாநகர சபைக்கும் அதே கணக்குத்தான்.

மேயர் இடையில விட்டிட்டுப் போனா, துணை மேயர் மிச்சக் காலத்துக்கு இருப்பாரோ?

மிச்சக் காலம் முழுவதற்கும் இருக்க மாட்டார். மேயர் பதவி விலகினால் சபையும் கலையும். சபை அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினால் இரு தரப்பும் வீட்டுக்குப் போக வேண்டும். சேர்ந்து நிற்பார்கள், சேர்ந்து விழுவார்கள் என்று லத்தீனில் சொல்லும் விதி இது. சிசிலியில் சில நுணுக்கங்கள் வேறு. ரெஜோனே தலைவருக்கும் அடிப்படை இதேதான்.

ஒரு விலகல் எத்தனை தேர்தலைக் கொண்டுவரும் என்பதற்கு ஜெனோவாவைப் பாருங்கள். லிகூரியா ரெஜோனே தலைவர் ஜொவான்னி தோத்தி ஊழல் விசாரணையில் 2024 மே மாதம் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார், ஜூலையில் விலகினார். அக்டோபரில் புதுத் தேர்தல். வென்றவர் அப்போது ஜெனோவா மேயராக இருந்த மார்க்கோ புச்சி. அதனால் மேயர் கதிரை காலியானது. 2025 மேயில் அதற்கும் தேர்தல். முன்னாள் சம்மட்டி எறிதல் வீராங்கனை சில்வியா சாலிஸ் முதல் சுற்றிலேயே வென்றார். ஒரு வருடத்துக்குள் ஜெனோவாக்காரர் இரண்டு தரம் வரிசையில் நின்றார்கள்.

உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒன்றாக விலகினாலும் சபை போய்விடும். 2015இல் ரோமாவின் 48 உறுப்பினர்களில் 26 பேர் அப்படி விலகித்தான் மேயர் இஞ்ஞாத்சியோ மரீனோவின் காலம் முடிந்தது. தேர்தல் வரும்வரை அரசு அனுப்பும் ஆணையாளர் நகரத்தை நடத்துவார். மாஃபியா ஊடுருவலுக்காகச் சபையைக் கலைப்பது வேறு வழி, 1991 முதல் இருக்கிறது. அப்போது மூவர் குழு ஒரு வருடத்துக்கு மேல் ஊரை நடத்தும். 2012இல் ரெஜ்ஜோ கலாப்ரியாவுக்கு அது நடந்தது.

ஒரே ஆள் எத்தனை தரம் மேயரா வரலாம்?

இத்தாலியின் பொதுச் சட்டப்படி, 15,000க்கு மேல் என்றால் தொடர்ந்து இரண்டு தரம். 5,001 முதல் 15,000 வரை மூன்று தரம். 5,000 வரையான ஊரில் 2024 முதல் எல்லையே இல்லை, நிற்க ஆள் கிடைப்பதே அங்கே பெரும்பாடு. ரெஜோனே தலைவருக்கும் இரண்டு தரம்தான். கம்பானியாவில் வின்சென்சோ தெ லூகா மூன்றாவது தரம் நிற்க வழிவிட்ட சட்டத்தை 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது.

முந்தி ப்ரொவின்ச்சாவுக்கும் வோட் போட்டனாங்கள். இப்ப ஏன் கூப்பிடுறேல்ல?

2014இன் 56ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் மக்கள் அதற்கு, அதாவது மாவட்ட சபைக்கு, வாக்களிப்பதில்லை. மேயர்களும் சபை உறுப்பினர்களும்தான் வாக்களிக்கிறார்கள். பலெர்மோ, மிலானோ, நாப்போலிபோன்ற பெருநகர மாவட்டங்களில் நகர மேயரே அதற்கும் தலைவர். ஆகவே மேயருக்குப் போடும் வாக்கு சுற்றுவட்டார வீதிகளுக்கும் உயர்பள்ளிக் கட்டடங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் இத்தாலியன் பாஸ்போர்ட்டோட லண்டனுக்கு வந்திட்டன். தபாலில போடலாமோ?

கொமூனே, ரெஜோனே தேர்தல்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. பாராளுமன்றத்துக்கும் பொதுவாக்கெடுப்புக்கும்தான் அது. வெளிநாட்டில் வதிபவர் பட்டியலில் இருந்தாலும் உங்கள் வாக்கு கடைசியாக இருந்த கொமூனேயில் உயிரோடுதான் இருக்கிறது. நேரில் வந்து போடலாம், இத்தாலிக்குள் ரயில் கட்டணத்தில் கழிவும் உண்டு. பொலோஞ்ஞாவில் படிக்கும் சிசிலிப் பிள்ளைக்கும் இதே நிலைதான், ஊருக்கு வந்துதான் போட வேண்டும்.

மேயர் வென்றிட்டார், ஆனா சபை அவற்ற கையில இல்லை எண்டாங்கள். அதெப்பிடி?

பெரிய ஊரில் வென்ற மேயரின் லிஸ்ட்களுக்கு வழக்கமாக 60 சதவீத ஆசனம் கொடுத்து உறுதியாக்குவார்கள். ஆனால் எதிர்ப்பக்க லிஸ்ட்கள் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் எடுத்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நொண்டி வாத்து என்று அதைச் சொல்வார்கள். 2018இல் அவெல்லீனோவில் வின்சென்சோ சாம்பி இரண்டாம் சுற்றில் மேயரானார், சபையில் பெரும்பான்மை எதிர்ப்பக்கம். சில மாதங்களில், நவம்பரிலேயே, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறங்கினார்.

வோட் போடுறதை விட வேற ஏதும் செய்யலாமோ?

வாக்குச்சாவடியில் வேலை செய்யலாம், சம்பளமும் உண்டு. குடியுரிமையும் கட்டாயக் கல்வியை முடித்த சான்றிதழும் போதும். ஸ்க்ருதாத்தோரே (வாக்கு எண்ணும் சாவடி ஊழியர்) பட்டியலில் சேர நவம்பர் இறுதிக்குள் கொமூனேயில் விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஜூன் 12 அன்று பலெர்மோவில் பல சாவடித் தலைவர்கள் வராமல் விட்டார்கள். அன்றைக்கு நகரத்து உதைபந்தாட்ட அணியின் இறுதிப் போட்டியும் இருந்தது. சில சாவடிகள் மணிக்கணக்காகப் பூட்டியிருந்தன, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். எங்கள் இளம்பிள்ளைகளுக்கு இரண்டு மொழி தெரியும், பொறுமையும் இருக்கிறது. அவர்கள் அந்த மேசையில் இருப்பதை நான் காண விரும்புகிறேன்.

சனம் வோட் போடுறதே குறைஞ்சிட்டுது எண்டுறாங்கள். நாங்கள் கொஞ்சப் பேர் போய் என்ன?

எமிலியா-ரொமாஞ்ஞாவில் 2020இல் 67.7 சதவீதம் போட்டார்கள், 2024இல் 46.4 சதவீதம். லாத்சியோவில் 2023இல் 37 சதவீதம்தான். போகாதவர் கூடக்கூடப் போகிறவரின் வாக்குக்குக் கனம் கூடுகிறது. கொஞ்சப் பேராக இருப்பவர்கள் ஒழுங்காகப் போனால் கணக்கில் தெரிவார்கள்.

எங்கட பிள்ளை ஒண்டு சபைக்குக் கேக்குது. எங்கட சனம் எல்லாம் அதுக்குப் போட்டா வெல்லும்தானே?

எப்போதும் வெல்லாது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, லிஸ்ட் தடையைத் தாண்டுமா? சிசிலியில் பெரிய ஊர்களில் 5 சதவீதம், இத்தாலியின் மற்றப் பக்கங்களில் 3 சதவீதம். தாண்டாத லிஸ்ட்டில் எங்கள் பிள்ளை எத்தனை விருப்பு வாக்கு எடுத்தாலும் ஆசனம் இல்லை. சின்னக் கட்சிகளும் ஊர் லிஸ்ட்களும் எங்கள் பிள்ளைகளைத் தேடி வருவதற்கு ஒரு காரணம், அந்த 5ஐத் தாண்ட எங்கள் வாக்கு தேவைப்படுகிறது.

இரண்டாவது, அந்த லிஸ்ட் எந்த மேயருடன் நிற்கிறது? பலெர்மோவில் 40 ஆசனம். வென்ற பக்கத்துக்கு 60 சதவீதம் என்றால் 24, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 16. வென்ற பக்கத்தில் ஓர் ஆசனத்துக்குப் போதுமான விருப்பு வாக்கு, தோற்ற பக்கத்தில் போதாமல் போகலாம்.

மூன்றாவது, லிஸ்ட்டுக்குள் போட்டி. பெயர் எத்தனையாவது இடத்தில் அச்சாகிறது என்பதல்ல கணக்கு, விருப்பு வாக்குத்தான். அதனால் பிள்ளையோடு சேர்ந்து நிற்கும் மற்றப் பாலினத்து வேட்பாளர் யார், அவருடைய ஆட்கள் இரண்டாவது கோட்டில் எங்கள் பிள்ளையின் பெயரை எழுதுவார்களா என்று கேளுங்கள். இன்னொன்று: எங்கள் குடும்பப் பெயர்கள் நீளம். இத்தாலியர் ஒருவர் கோட்டில் எழுதக்கூடிய சுருக்கப் பெயர் ஒன்றை, இன்னார் என்று அழைக்கப்படுபவர் என வேட்புமனுவிலேயே பதியலாம். மனுக் கொடுக்கும் நாளுக்கு முன்பே அதைப் பார்த்துச் செய்துவிடுங்கள், பிறகு மாற்ற விடமாட்டார்கள்.